பச்சைத் தக்காளி இழுப்பறையில் பழுப்பது எப்படி?

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் சொற்ப வாடகைக்குக் காய்கறி நிலம் விடுகின்றன. பழைய அளவில் ஒரு மனை சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட். செப்டம்பர் கடைசியில் தக்காளிச் செடிகளில் நிறையக் காய்கள் பச்சையாகவே தொங்கும். அவற்றைப் பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு இழுப்பறையில் போட்டு மூடுவார்கள். வெயிலே படாமல் சிவந்துவிடும்!

தக்காளி பழுக்க வெயில் தேவையில்லை. மிதமான சூடும் எத்திலீன் வாயுவும் போதும். முற்றிய காய் இந்த வாயுவைத் தானே உண்டாக்கும். வாழைப்பழம் வெளிவிடும் வாயு அதை முடுக்கிவிடும். உடனே பச்சையம் சிதையும், லைக்கோப்பீன் என்ற சிவப்பு நிறமி சேரும், சதை இளகும். 20 டிகிரி செல்சியஸ் இதற்குத் தோது. 10 டிகிரிக்குக் கீழே வேலை படுத்துவிடும். இலையுதிர்கால இரவுகளில் செடியிலேயே விட்டால் நடப்பது அதுதான்.

ஒரு காயை வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கொழகொழப்பு இருந்தால் முற்றியது. கத்தி விதையையே அறுத்தால் பிஞ்சு. அது ஒழுங்காகப் பழுக்காது. சுவை? செடியில் பழுத்ததற்கு ஈடில்லை, சட்னிக்கு ஆகும்.

அடுத்தது நிலத்தைச் சுத்தம் செய்வது. தக்காளி, உருளை இரண்டையும் தாக்கும் கருகல் நோய், 1845இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்கு வித்திட்ட அதே நோய், உயிருள்ள திசுவில்தான் பெரும்பாலும் குளிர்காலத்தைக் கடக்கிறது. எனவே காய்ந்த தக்காளித் தண்டைவிட, மண்ணில் தவறவிட்ட ஓர் உருளைக்கிழங்கே ஆபத்து. கிளறித் தேடி எடுத்துவிடுங்கள்.