தெரியும், ஆனால் செய்யமாட்டான்

ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நல்லா வரக்கூடிய பையன்தான் சார். செய்யத்தான் மாட்டேங்கிறான்." சொல்லிவிட்டு அடுத்த பாடவேளைக்குக் கிளம்பிவிடுகிறோம். எட்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் வீட்டுப்பாட நோட்டு வைப்பதை நிறுத்திவிடும். வாயால் கேட்டால் விடை சரியாக வரும். எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தோடு நின்றுவிடும்.

இப்படிப்பட்டவர்கள் நம்முடைய பட்டியல் எதிலும் வருவதில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்போர் பட்டியல் தயாராகிறது. அவர்களுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு. முதல் ஐந்து இடங்களில் இருப்பவர்கள் மேல் எல்லார் கண்ணும் இருக்கும். 85 வாங்கக்கூடியவன் 48 வாங்கிக்கொண்டு நடுபெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பான். தேர்ச்சி விழுக்காட்டுக்கு அவனால் ஆபத்தில்லை. அதனால் அவனைப் பற்றி யாரும் நம்மிடம் கேட்பதும் இல்லை.

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16. இதைத் தயார் செய்துகொண்டு, இரண்டு மதிப்பெண் கணக்கில் மூன்றைப் போட்டுவிட்டால் 35-ஐத் தாண்டிவிடலாம் என்று திணறும் பிள்ளைகளுக்கு வழி சொல்லித் தருகிறோம். அது தேவைதான். ஆனால் அதே அறையில் உட்கார்ந்திருக்கும் திறமையான பிள்ளைக்கும் ஒரு செய்தி போய்ச் சேர்கிறது: இவ்வளவு செய்தால் போதும்.

ஆர்வமில்லை என்று முத்திரை குத்துவதற்கு முன் ஒன்றை விசாரித்துவிட வேண்டும். மல்லிகை விளையும் நிலக்கோட்டைப் பக்கத்தில் விடியுமுன் தோட்டத்துக்குப் போய் மொட்டுப் பறித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அப்படி ஒரு மாணவி இரண்டாம் பாடவேளையில் தூங்கி விழுவாள். அவளுக்கு வேண்டியிருந்தது அறிவுரை அல்ல, நேரம். மதிய இடைவேளையில் இருபது நிமிடம் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுத அனுமதித்ததும் நோட்டு ஒழுங்காக வந்தது. கரும்பலகை சரியாகத் தெரியாத கண், வீட்டில் நடக்கும் சண்டை, இவையும் இந்த வகையே. இவற்றைப் படிப்பு ஆர்வத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

காரணம் எதுவும் வெளியே தெரியாதபோதுதான் சிக்கல். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், தவறு என்னுடையது.

ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். தொகுமுறை வகுத்தலை ஒரே முறை சொன்னதும் ஒரு மாணவன் அடுத்த கணக்கைத் தானே போட்டுக் காட்டினான். எனக்குத் தாளாத மகிழ்ச்சி. "இவன் மூளைக்காரன், இவனுக்கு ஒரு தடவை சொன்னா போதும்" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். பிறகும் இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன். முக்கோணவியல் வந்தது. கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். நடுவில் மாட்டிக்கொண்டான். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு நோட்டு வரவில்லை. "மறந்துட்டேன் சார்", "வீட்ல இருக்கு சார்". இம்போசிஷன் கொடுத்தேன், வெளியே நிற்க வைத்தேன், அப்பாவை வரச் சொன்னேன். அவரும் வேலையை விட்டுவிட்டு வந்து, "நீங்களே பாத்துக்கங்க சார், எங்க பேச்சு எடுபடல" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்கும் அசையவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒருநாள் அவனுடைய ரஃப் நோட்டு தற்செயலாகக் கைக்கு வந்தது. பின்பக்கங்களைப் புரட்டினேன். நான் கொடுத்த வீட்டுப்பாடக் கணக்குகள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒவ்வொன்றும் நான்கைந்து வரி போடப்பட்டு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடிக்கப்பட்டிருந்தது. செய்யாதவன் அல்ல அவன். செய்து பார்த்து, வராததை மறைத்தவன்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயமல்ல. 1978-இல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். விடையே காண முடியாத வினாக்களைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து, பிறகு "மிக நன்றாகச் செய்தீர்கள்" என்றார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள்: ஒன்று திறனைக் கூட்டும், மற்றது குறைக்கும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. எப்படி வென்றோம் என்றே தெரியாத மாணவர்களில், குறிப்பாக ஆண்களில், பலர் திறனைக் குறைக்கும் மருந்தையே கேட்டார்கள். தோற்றால் பழி மருந்தின் மேல் போகும். கிடைத்த நல்ல பெயர் தப்பிக்கும். நம் வகுப்பில் மருந்துக்குப் பதில் "மறந்துட்டேன் சார்". சோம்பேறி என்ற பெயரைச் சுமக்கலாம், மூளை இல்லாதவன் என்ற பெயரைச் சுமக்க முடியாது. பதினான்கு வயதில் அது சரியான கணக்காகத்தான் தோன்றும்.

நான் பாராட்டிய விதமும் இதில் சேர்த்தி. முல்லர், டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு குழுவை "நீ புத்திசாலி" என்றும், இன்னொரு குழுவை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான வினாக்கள் வந்தபோது முதல் குழு சீக்கிரம் சோர்ந்தது. அடுத்து வந்த எளிய வினாக்களிலும் அதன் மதிப்பெண் குறைந்தது. தங்கள் மதிப்பெண்ணை வேறு பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னபோது கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். இந்த வழியில் பின்னர் பெரிய அளவில் நடந்த முயற்சிகளில் கிடைத்த பலன் சிறிதே என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாராட்டுச் சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். சொல்லோடு வேலையும் மாற வேண்டும்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "அடிச்சதை அடிச்சபடியே நாளைக்குக் காட்டு" என்றேன்.

"எல்லாம் தப்பு சார்."

"தப்பாவே இருக்கட்டும். எந்த வரியில தப்பு ஆரம்பிக்குதுன்னு மட்டும் வட்டம் போட்டு வை."

அதுவே வீட்டுப்பாடம் ஆனது. மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் இரண்டு கணக்கு வந்தது. ஒன்றில் வட்டம் சரியான இடத்தில் இருந்தது; சைன் எழுத வேண்டிய இடத்தில் காஸ் எழுதியிருந்தான். விடை தவறு, மதிப்பெண் போட்டால் பூஜ்யம். ஆனால் தன் பிழையைத் தானே கண்டுபிடித்திருக்கிறான். "சரியான இடம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் எதுவும் சொல்லவில்லை.

அடுத்து வீட்டுப்பாடத்தின் அளவைக் குறைத்தேன். பன்னிரண்டு கணக்கும் எல்லாருக்கும் என்பதை விட்டுவிட்டு, பன்னிரண்டில் எந்த ஐந்தை வேண்டுமானாலும் போடலாம், ஒன்று மட்டும் கடினமானதாக இருக்க வேண்டும் என்றேன். ஒரே மாதிரிக் கணக்கைப் பத்து முறை போடச் சொன்னால் தெரிந்த பிள்ளைக்கு அது தண்டனை. தானே தேர்ந்தெடுத்ததை விட்டுவிடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. எல்லாரும் சுலபமான நான்கையே எடுப்பார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் எச்சரித்தார். முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் வாரத்தில் குறைந்தது.

ஸ்டார் ஒட்டுவது, பேனா பரிசு தருவது பற்றியும் கேட்பீர்கள். நானும் மூன்று ஆண்டுகள் ஸ்டார் ஒட்டியவன்தான். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர்களில் சிலரிடம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பரிசு இல்லாமல் விட்டபோது, அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. ஆகவே எப்போதாவது மகிழ்ச்சியில் ஒரு பேனா கொடுப்பதில் தவறில்லை. "செய்தால் தருவேன்" என்பதை வழக்கமாக்கினால்தான் வம்பு.

"இதெல்லாம் எதுக்கு சார்?" என்ற கேள்வியும் வரும். நாம் பெரும்பாலும் வேலை, சம்பளம் என்று பதில் சொல்கிறோம். 2009-இல் ஹல்லமன், ஹராக்கிவிச் ஆகியோர் உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் நடத்திய ஆய்வில், அந்தப் பாடம் தன் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்பதை மாணவரே சில வரிகளில் எழுதினார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைந்திருந்தவர்களுக்கு ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. எழுதுவது மாணவர் என்பதுதான் இதில் முக்கியம். புள்ளியியல் பாடத்தில் இதைச் செய்து பார்த்தேன். ஒரு மாணவி பூ மார்க்கெட்டில் ஒரு வாரத்தின் மல்லிகை விலையை எழுதி, சராசரியை நம்பினால் தன் அம்மா ஏமாந்துவிடுவார், முகூர்த்த நாளை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அந்தப் பாடத்தை நான் அவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை.

அந்த மாணவன் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 71 வாங்கினான். 90 வாங்கியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். முக்கோணவியல் நோட்டு கடைசி வரை முழுதாக வரவில்லை. அப்பா இனிப்போடு வந்தார். அவன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

இப்போது என் வகுப்பில் எல்லாரும் ரஃப் நோட்டையும் சேர்த்தே வைக்கிறார்கள். ஒரு மாணவி மட்டும் பின்பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தருகிறாள். பைண்டிங் அருகே கிழிந்த தாளின் ஓரம் தெரிகிறது. அவளிடம் நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை.