‘நடத்தை சரியில்ல’ன்னா இங்கிலீஷில் என்ன?

ஸ்பானிஷில் ‘தெசொனெஸ்தோ’ என்றொரு அடைமொழி. பார்த்தால் இங்கிலீஷ் ‘டிஸானஸ்ட்’ மாதிரியே இருக்கும். நாணயமில்லாத என்ற அந்தப் பொருளும் அதற்கு உண்டுதான். ஆனால் ஸ்பெயின் தண்டனைச் சட்டத்தில் 1989 வரை இருந்த ‘அபூசோஸ் தெசொனெஸ்தோஸ்’ என்ற குற்றத்துக்கும் பொய் பித்தலாட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அது பாலியல் அத்துமீறல். ‘டிஸானஸ்ட்’ என்று போட்டால் குற்றமே மாறிவிடும்.

நம்ம பேச்சிலும் இப்படி ஒன்று இருக்கு. சங்கரன்கோவில் பக்கம் ‘அவன் நடத்தை சரியில்ல’ன்னு சொன்னா, ‘என்ன, குடியா? சீட்டா? கடன் வாங்கி ஏமாத்துறானா?’ன்னு அடுத்த கேள்வி வரும். ‘அவ நடத்தை சரியில்ல’ன்னா கேள்வியே வராது. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்து நடத்தைச் சான்றிதழில் இருப்பதும் அதே சொல்தான். ‘கேரக்டர் சரியில்ல’ன்னு மாத்திச் சொன்னாலும் இதே கதைதான்.

இது அகராதியோடு முடிகிற விஷயமில்லை. ஜீவனாம்ச வழக்கில் கீழ்க்கோர்ட்டுச் சாட்சியம் தமிழில் இருக்கும். வழக்கு ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனால் அதை இங்கிலீஷில் கொடுக்கணும். பிறருடன் தகாத உறவில் வாழ்ந்துவரும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(4). 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 144(4). இதில் ‘வாழ்ந்துவரும்’ என்பதுதான் உயிர். எப்போதோ ஒருமுறை நடந்தது போதாது, தொடர்ச்சி வேண்டும் என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

இப்போ கணவர் தரப்புச் சாட்சி ‘அவ நடத்தை சரியில்ல’ன்னு மட்டும் சொல்றார்னு வைங்க. அதை ‘லிவிங் இன் அடல்ட்ரி’ என்று எழுதினால், சாட்சி சொல்லாத ஆளையும் காலத்தையும் மொழிபெயர்ப்பாளரே சேர்த்துவிடுகிறார். அந்தப் பெண்ணின் மாதச் சாப்பாட்டுக் காசு அந்த மூணு வார்த்தையில போயிரலாம். ‘இம்மாரல்’ அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் தீர்ப்பு மாதிரி ஒலிக்கிறது.

என்னைக் கேட்டால் ‘ஹெர் காண்டக்ட் இஸ் நாட் ரைட்’ போதும். சப்புன்னுதான் இருக்கும். இருக்கட்டுமே, தமிழிலும் மொட்டையாகத்தானே சொன்னார்! உள்ளர்த்தம் போயிருமேன்னு கவலைப்படுறவங்க பக்கத்திலேயே மூலச் சொல்லைப் போட்டுவிடலாம். ‘என்ன செஞ்சாங்க, யார் பார்த்தது?’ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ள அது உதவும்.