முயல் காட்டிய முகவரி

உங்கள் கண்ணிலும் கணையத்திலும் இருக்கும் மரபணுக்கள் ஒன்றேதான். ஆனாலும் கண் இன்சுலின் சுரப்பதில்லை. கணையத்துக்குப் பார்வை இல்லை. ஏன் தெரியுமா?

மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு. மனிதருக்கு இப்படிச் சுமார் 20,000 குறிப்புகள் உண்டு. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் புரதமாக்கிக்கொள்ளும். விழித்திரைச் செல்லில் ஒளியை உணரும் ரோடாப்சின், கணையத்தில் இன்சுலின் என்று இடத்துக்கு இடம் புரதம் மாறும்.

எந்தப் புரதம் எங்கே குடியிருக்கிறது? இதைக் கண்டுபிடித்து ஒரு வரைபடமே போட்டுவிடலாம் என்று 2003-இல் சுவீடனில் மத்தியாஸ் ஊலேன் தலைமையில் விஞ்ஞானிகள் இறங்கினார்கள். ‘ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர்.

புரதமோ கண்ணுக்குத் தெரியாது. எப்படித் தேடுவது? இங்கேதான் முயல் வருகிறது. தேடவேண்டிய புரதத்தின் சிறு துண்டை முயலுக்கு ஊசி வழியாகச் செலுத்துவார்கள். ‘யாரோ அந்நியர் நுழைந்துவிட்டார்’ என்று முயலின் உடல் அதைப் பிடிக்க எதிர்ப்பொருள் தயாரிக்கும். ரத்தத்திலிருந்து அந்த எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, மனித உறுப்பின் மெல்லிய சீவல்மேல் விடுவார்கள். சீவலின் அகலம் வெறும் 1 மில்லிமீட்டர்! எதிர்ப்பொருள் தன் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவிவிட்டுச் சாயமேற்றினால், புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். செல்களின் உட்கரு நீலமாகத் தெரிய இன்னொரு சாயம்.

இன்சுலினைத் தேடிய கணையச் சீவலை நுண்ணோக்கியில் பாருங்கள்: எங்கும் நீலப் புள்ளிகள், நடுநடுவே பழுப்புத் திட்டுகள். அவைதாம் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். இன்சுலின் பிறக்கும் இடம்! இப்படி லட்சக்கணக்கான படங்கள் சேர்ந்தன. அவற்றைப் பார்த்துக் குறிப்பெழுதியவர்களில் மும்பை மருத்துவர்களும் உண்டு.

அடுத்து, செல்லுக்குள்ளேயே எந்த மூலையில் என்ற கேள்வி. 2017-இல் 12,003 புரதங்களின் இருப்பிடத்தை வெளியிட்டார்கள். அவற்றில் பாதியளவு புரதங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. ‘ஈவ் ஆன்லைன்’ என்ற கணினி விளையாட்டை ஆடுபவர்கள்கூட, ஆட்டத்தின் நடுவே செல் படங்களை வகைபிரித்து உதவினார்கள்!

இருப்பிடம் தெரிந்து என்ன பயன்? டிரோப்போனின் புரதத்தில் ஒருவகை இதயத் தசைக்கே உரியது. நெஞ்சுவலி என்று வருபவரின் ரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தால், இதயத்தில்தான் சேதம் என்று மருத்துவர் புரிந்துகொள்வார். நெஞ்சைத் திறந்து பார்க்காமலே!