திருமண உரிமக் காத்திருப்புக் காலம் (டெக்சஸ்)

திருமண உரிமக் காத்திருப்புக் காலம் என்பது உரிமம் வழங்கப்பட்ட பின்னர் திருமணச் சடங்கு நிகழ்வதற்கு முன் சட்டப்படி கழிய வேண்டிய கால இடைவெளி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சஸ் மாநிலக் குடும்பச் சட்டத்தின்படி இது 72 மணி நேரம் ஆகும். 90ஆம் நாளுக்கு முன் சடங்கு நிகழாவிடின் உரிமம் காலாவதியாகும்.

விலக்குகள்

பணியிலுள்ள படைவீரர், அங்கீகரிக்கப்பட்ட திருமண முன்கல்வியை முடித்தோர், நீதிபதியின் எழுத்துமூல விலக்குப் பெற்றோர் ஆகியோர் காத்திருக்க வேண்டியதில்லை.

முந்தி மணப்பதன் விளைவு

விலக்கின்றி இக்காலத்துக்குள் நடந்த திருமணம் தானாகவே செல்லாததாகிவிடுவதில்லை. எனினும், இருவரில் ஒருவர் வழக்குத் தொடுத்தால் நீதிமன்றம் அதனை ரத்துச் செய்யலாம். இவ்வழக்கைத் திருமணமான 30 நாட்களுக்குள் தொடுக்க வேண்டும். அதன் பின்னர் இக்காரணத்தைக் காட்டி வழக்கிட இயலாது. பிரிய விரும்புவோர் மணமுறிவையே நாட வேண்டியிருக்கும்.