இணைப்பியும் ஒரு புணரியலே

நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்து நிகழும் மாற்றங்களை விளக்கத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் புணரியல் என ஓர் இயலை வகுத்தார். கணிப்பொறிக்கும் அத்தகையதொரு புணர்ச்சி உண்டு. நாம் எழுதும் நிரல், பொறிக்கு விளங்கும் குறியீடாக மாறியவுடன் நிறைவு பெறுவதில்லை. பிறர் முன்னரே எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை, அதாவது லைப்ரரிகளை, அதனோடு பொருத்துதல் வேண்டும். அதனைச் செய்வது லிங்கர் எனப்படும் இணைப்பி. எதனை, எங்கிருந்து, எவ்வரிசையில் இணைப்பது என நாம் அதற்கு இடும் கட்டளைகளே இணைப்பு விருப்பங்கள்.

தமிழ் மாணவர்க்கு இதனால் ஆவதென்ன? அரியலூர் மாவட்டத்து 'வரதராஜன்பேட்டை' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் 'பே' என்பது முதலில் பகரமும் அதன்பின் ஏகாரக் குறியுமாகவே சேமிக்கப்படுகிறது; 'டை' என்பதும் அவ்வாறே. திரையிலோ அக்குறிகள் எழுத்துக்கு முன்னே வந்து நிற்றல் வேண்டும். இவ்விடமாற்றத்தைச் செய்யும் லைப்ரரிகளுள் புகழ்பெற்றது ஹார்ஃப்பஸ். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபிஸ் ஆகியவற்றில் தமிழ் உருப்பெறுவது இதன் வழியாகவே. அரபு எழுத்துகள் சொல்லின் முதல், இடை, கடைகளில் வடிவம் மாறுவதையும் இதுவே கவனிக்கிறது. ஓப்பன்டைப் என்னும் எழுத்துரு முறையின் பெயரைப் பாரசீகத்தில் பெயர்த்து இதற்கு இட்டனர். ஹர்ஃபுகளை எழுத்துக்கூட்டி ஓதப் பழகியோர்க்கு முற்பாதி புதிதன்று. 'பாஸ்' என்பது திறந்தது எனப் பொருள்படும்.

இனி இணைக்கும் முறை. யூனிக்ஸ் மரபில் சிறுகோடிட்டுச் சிறிய 'எல்' எழுத்தும் லைப்ரரியின் பெயரும் எழுதினால் அதனை இணைக்க எனப் பொருள். பெரிய 'எல்' அது உறையும் அடைவைக் காட்டும். இங்கே வரிசை முக்கியம். இணைப்பி இடமிருந்து வலமாகப் படித்துச் செல்கிறது. நிலைத்த வகை லைப்ரரி ஒன்றைக் கண்டால், அதுவரை தேவை எழுந்த பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அப்பால் நகர்கிறது. நம் நிரற்கோப்புக்கு முன்னரே லைப்ரரியை எழுதிவிட்டால், தேவை எழாமையால் அதனைக் கடந்து சென்று, பின்னர் 'இப்பெயருக்கு வரையறை இல்லை' என முறையிடும். வருமொழியை முன்னே வைத்துவிட்டு நிலைமொழியைத் தேடும் கதைதான்! 2011-இல் வெளிவந்த உபுண்டு 11.10 முதல், தேவையற்றவற்றை விலக்கும் விருப்பம் தாமாகவே இடப்பட்டதால், பகிர்வு வகை லைப்ரரிகளும் இவ்வொழுங்குக்கு உட்பட்டன.

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் படைத்த 'மேக்' கருவியின் குனூ வடிவம் இதற்கு வழி வகுத்துள்ளது. அதன் இயல்பு விதிகளில் 'எல்டிஃபிளாக்ஸ்' நிரற்கோப்புக்கு முன்னும் 'எல்டிலிப்ஸ்' பின்னும் அமையும். லைப்ரரியின் பெயருக்கு உரிய இடம் பின்னது. முன்னதில் இட்டு இடர்ப்படுவோர் பலர். 'சிமேக்' கருவியிலும் லைப்ரரிகளுக்கு ஒரு கட்டளையும், ஏனைய விருப்பங்களுக்கு 2018-இல் வந்த மற்றொரு கட்டளையும் தனித்தனியே உள்ளன.

பிழை காட்டி நின்றுவிடும் இணைப்பால் தீங்கில்லை. வாய் திறவாத பிழையே அஞ்சத்தக்கது. பைத்தான் மொழியின் 'பில்லோ' படத்தொகுப்பு, ஹார்ஃப்பஸை நாடும் 'ராக்ம்' கிடைக்காவிடில், இயல்பு நிலையில் ஓசையின்றி எளிய அடுக்குமுறைக்கு மாறிவிடுகிறது. நிரல் ஓடும், படமும் வரும், தமிழ்க் குறிகள் மட்டும் இடம் பிறழ்ந்து நிற்கும். தமிழறியாத நிரலர் அதனைக் காணவும் மாட்டார். ஆகவே சிமேக்கில் ஹார்ஃப்பஸைத் தேடுங்கால் 'ரிகொயர்ட்' என்னும் சொல்லையும் சேர்த்தெழுதுக. கிடைக்காவிடில் பணி அங்கேயே நின்றுவிடும். கட்டி முடித்தபின் 'பேட்டை' எனத் தட்டச்சிட்டுப் பார்க்க. ஏகாரக் குறி பகரத்துக்குப் பின்னே நிற்பின், இணைப்பு வரியை மீண்டும் நோக்குக.