கொட்டியாரக் குடாவின் இரு கரைகள்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் நின்று தெற்கே நோக்கினால், கொட்டியாரக் குடா விரிந்து கிடப்பதைக் காணலாம். அக்கரையில் மூதூரும் சம்பூரும் இருக்கின்றன. பாலையூற்றிலும் நகரிலும் வசதியுள்ள வீடுகளில் இன்று வளிபதனி இல்லாத படுக்கையறை அரிது. அக்கரை மக்களோ வயலையும் வலையையும் நம்பி வாழ்பவர்கள். காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, இவ்விரு கரைகளையும் நான் மறக்க முடிவதில்லை.

சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையம் ஒன்றை அமைக்க இந்திய நிறுவனமொன்றும் இலங்கை மின்சார சபையும் கூட்டாகத் திட்டமிட்டிருந்தன. ஒரு தொன் நிலக்கரி எரிந்தால் இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டு வானில் கலக்கும். அதனால் உலகம் முழுவதும் சூடேறுகின்றது. சாம்பலோ அயலூரிலேயே படிகின்றது. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்து, 2015 முதல் மெல்ல மெல்ல ஊர் திரும்பிய சம்பூர் மக்களே இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்தை நாடியது. 2016 செப்டெம்பரில், அங்கே நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று அரசாங்கம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டத்துக்குத் தொடக்கவிழா நடைபெற்றது.

மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடும் வீடுகளின் பிள்ளைகள் அந்நாளில் எங்கே இருந்தார்கள்? நான் அறிந்த மட்டில், தனியார் வகுப்புகளில் இருந்தார்கள். அவர்களைக் குறைகூறி என்ன பயன்? நாமல்லவோ அவர்களுக்கு மரக்கன்று நடுவதை மட்டும் கற்பித்தோம்! நான் முன்னர் பணியாற்றிய பாடசாலையொன்றில், ஆண்டுதோறும் யூன் 5 ஆம் திகதி ஒரே குழியில் கன்று நட்டோம். சென்ற ஆண்டுக் கன்று பட்டுப்போயிருக்கும். குழி மட்டும் வசதியாக இருக்கும்.

"சேர், நாங்கள் ஏசியை நிறுத்தினால் போதாதா?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. நிறுத்தத்தான் வேண்டும். ஆயினும் எந்த எரிபொருளில் மின்சாரம் பிறக்க வேண்டும், பேருந்து எவ்வழியே ஓட வேண்டும், கடற்கரையில் எதனைக் கட்டலாம் என்பனவெல்லாம் அலுவலகங்களில் முடிவாகின்றன. ஒரு வீட்டின் சிக்கனம் அம்முடிவுகளை அசைப்பதில்லை.

அம்முடிவுகளுக்குள் புக வாயில்கள் உண்டு. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பெருந்திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். கருத்துக் கூற 30 நாள் அவகாசம் உண்டு. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்கப்படல் வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பொறுமையோடு படிக்க, ஆங்கிலமும் கணிதமும் ஓய்வும் தேவை. வசதியுள்ள பிள்ளையிடம் இம்மூன்றும் இருக்கின்றன. அவனுடைய செல்வத்துள் ஊருக்குப் பயன்படக்கூடியது இதுவே என்பது என் துணிபு.

இளைஞரால் இவ்வளவு இயலுமா என்று ஐயுறுவோர் பசிபிக் தீவுகளைப் பார்க்கட்டும். 2019 இல் வனுவாத்துவிலுள்ள பல்கலைக்கழக வளாகமொன்றில் 27 சட்ட மாணவர் தொடங்கிய முயற்சி, 2023 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானமாயிற்று. காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்று சர்வதேச நீதிமன்றம் 2025 யூலையில் கருத்துரைத்தது.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். படித்த பிள்ளை அக்கரைக்காரருக்காகப் பேசப் புறப்பட்டு, அவர்கள் வாயை அடைத்துவிடலாகாது. ஆகவே முதலில் கேட்கப் போகுமாறு என் மாணவரை அனுப்பினேன். நிலக்கரித் திட்டத்தின் பழைய அறிக்கையை ஒரு மாணவி கையோடு கொண்டு சென்றாள். முதிய மீனவர் ஒருவர், கடலில் விடப்படும் சுடுநீரைப் பற்றிய பகுதியை வாசித்துத் தமிழில் சொல்லுமாறு கேட்டாராம். அவர் இடையிடையே மறித்து, மீன் சேரும் இடங்களைக் கூற, அவள் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அப்பகுதி முடிவதற்குள் மாலைப் பேருந்து போய்விட்டது.