மாதம் தவறாத இருநூறு ரூபாய்

ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்களுக்குத் தெரியும், மாதம் தவறாமல் வரும் சிறு தொகையின் அருமை. மத்தியப் பிரதேசத்தில் 2011-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள்.

‘சேவா’ மகளிர் சங்கம் யுனிசெப் உதவியுடன் எட்டுக் கிராமங்களில் பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் மாதந்தோறும் வழங்கியது. ஓராண்டுக்குப்பின் அது 300, 150 ஆயிற்று. நிபந்தனை ஏதும் இல்லை. குழந்தையின் பங்கு தாயிடம் சேர்ந்தது.

கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் என்றால் தொடக்கத்தில் மாதம் 700 ரூபாய். என்ன ஆயிற்று?

வட்டிக்குக் கடன் வாங்குவது குறைந்தது. கூலிக்குப் போனவர்கள் விதை, உரம் வாங்கிச் சொந்த நிலத்தில் இறங்கினார்கள். சிலர் ஆடு வாங்கினார்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கூடியது. ‘குடித்தே தீர்த்துவிடுவார்கள்’ என்ற பேச்சு பொய்த்தது. குடிச் செலவு கூடவில்லை.

2012 இறுதியில் பணம் நின்றது. வாங்கிய ஆடு மட்டும் கொட்டிலில் இருந்தது.